அயனிப் பொறி அணுக் கடிகாரம்: சிறிதாகவும் நிலையாகவும் கட்டும் வழி

அயனிப் பொறி அணுக் கடிகாரம் என்பது, மின்புலத்தால் வெற்றிடத்தில் பிடித்து வைத்த அயனிகளின் (மின்னூட்டம் கொண்ட அணுக்களின்) அதிர்வெண்ணைக் கொண்டு நேரம் காக்கும் கருவி. அதைச் சிறிதாக்குவது பற்றிய பேச்சு பெரும்பாலும் அயனியைச் சுற்றியே நடக்கிறது. சிக்கல் இருப்பது அங்கே அல்ல. அறை நிறையக் கருவிகள் உள்ள ஆய்வகத்தில் மிதக்கும் இட்டர்பியம் அயனியும், விரல் அளவுக் குழாய்க்குள் மிதக்கும் இட்டர்பியம் அயனியும் ஒரே பொருள்தான். இயற்கை தந்த அதிர்வெண்ணில் தயாரிப்புக் குறை என்று எதுவும் கிடையாது. கருவி சிறுக்கும்போது மாறுவது சுற்றுப்புறம். மின்முனைகள் அயனியை நெருங்குகின்றன, வெப்பம் வெளியேறும் வழி குறைகிறது, காந்தக் கவசம் மெலிகிறது, சிதறும் ஒளி எல்லாப் பக்கமிருந்தும் உணரியில் விழுகிறது. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அந்தச் சுற்றுப்புறத்தை அடக்குவது பற்றியது.

மின்னணுவியலும் அடிப்படை அணு இயற்பியலும் தெரிந்த, வெற்றிட வசதியுள்ள ஒரு சிறு குழுவை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் கடிகாரத்தின் எலும்புக்கூடு. உள்ளே உண்மையில் ஓடிக்கொண்டிருப்பது குவார்ட்ஸ் அலையாக்கி. அதன் அதிர்வெண்ணைப் பெருக்கி, அயனியின் இரு ஆற்றல் நிலைகளுக்கு இடைப்பட்ட அதிர்வெண்ணுக்குக் கொண்டுவந்து, நுண்ணலையாக அயனிகள்மேல் செலுத்துகிறோம். அதிர்வெண் பொருந்தினால் அயனிகள் நிலை மாறும், மாறியவை ஒளிரும். அந்த ஒளியை எண்ணி, குவார்ட்ஸ் எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணக்கிட்டுத் திருத்துகிறோம். சில நொடிகளுக்கு ஒருமுறை இது ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டும்.

படி 1: தேவையை எண்ணாக எழுதுங்கள்

"மிக நிலையான கடிகாரம்" என்பது தேவை ஆகாது. எத்தனை நாள் வெளித் திருத்தம் இல்லாமல் ஓட வேண்டும், அதற்குள் எவ்வளவு பிழையைத் தாங்கலாம் என்பதே தேவை. ஒரு நாளில் 1 நானோநொடிதான் தவறலாம் என்றால், சராசரி அதிர்வெண் பிழை 1.2×10⁻¹⁴ பங்கைத் தாண்டக் கூடாது. ஒரு நாளுக்குச் சில மைக்ரோநொடி போதும் என்றால் இந்தப் பாதையே வேண்டாம். சீசியம் ஆவியைக் கொண்ட சில்லு அளவுக் கடிகாரம் 2011 முதல் சந்தையில் இருக்கிறது. 17 கன சென்டிமீட்டருக்குள், சுமார் 120 மில்லிவாட்டில் அது அந்த வேலையை முடித்துவிடும்.

அயனிப் பொறி தன் விலைக்கு நியாயம் செய்வது நீண்டகால நகர்வில், அதாவது அதிர்வெண் நாளடைவில் மெல்ல விலகுவதைக் குறைப்பதில். காலப் பிழை நாட்களின் வர்க்கத்தோடு வளரும் என்பதால் இங்கே சிறு எண்ணும் பெரிதாகும். நாளுக்கு 10⁻¹³ வீதம் நகரும் கடிகாரம் 100 நாளில் சுமார் 43 மைக்ரோநொடி தவறிவிடும். அதே 100 நாளில், நாளுக்கு 3×10⁻¹⁶ வீதம் நகரும் கடிகாரம் 0.13 மைக்ரோநொடிதான் தவறும். இரண்டாவது எண் கற்பனை அல்ல. அமெரிக்காவின் ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகம் கட்டிய ஆழ்விண்வெளி அணுக் கடிகாரம், 2019 ஜூன் 25 அன்று ஏவப்பட்டு, சுற்றுப்பாதையில் காட்டிய நகர்வு அது. ஒரு நாள் சராசரியில் அதன் நிலைப்பு (அதிர்வெண்ணின் ஏற்றத்தாழ்வு, பங்கு அளவில்; எண் சிறிதானால் நல்லது) 3×10⁻¹⁵. 23 நாளில் காலச் சிதறல் சுமார் 4 நானோநொடி. பாதரச அயனிகளைக் கொண்ட அந்தக் கருவி 50 வாட்டுக்குச் சற்றுக் குறைவான மின்திறனில் ஓடியது.

துல்லியமும் நிலைப்பும் வேறு வேறு. சிறு கடிகாரத்தில் முழுமையான துல்லியத்தைத் துரத்துவது வீண் செலவு. விலகல் எவ்வளவு பெரிதானாலும், அது மாறாமல் இருந்தால் ஒருமுறை அளந்து கழித்துவிடலாம்.

படி 2: அயனியைத் தேர்ந்தெடுங்கள்

நடைமுறையில் மூன்று பாதைகள் உண்டு.

பாதரசம்-199 அயனியின் நுண்ணலை அதிர்வெண் சுமார் 40.507 கிகாஹெர்ட்ஸ். இதற்கு லேசரே தேவையில்லை. பாதரசம்-202 நிரப்பிய மின்னிறக்க விளக்கு வீசும் 194 நானோமீட்டர் ஒளி, பாதரசம்-199 அயனியின் இரு மீநுண் நிலைகளில் (கடிகாரம் பயன்படுத்தும் நெருங்கிய இரு ஆற்றல் நிலைகளில்) மேலுள்ளதோடு மட்டும் பொருந்தி, கீழ் நிலையைத் தொடாமல் விட்டுவிடுகிறது. எனவே ஒரே விளக்கு அயனிகளைக் கீழ் நிலைக்குத் தள்ளவும், பிறகு எவை மேலே ஏறின என்று பார்க்கவும் பயன்படும். இப்படி ஒரு பொருத்தம் இயற்கையில் அமைந்தது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த விளக்கைச் செய்வது ஒரு கைவினை. நீண்ட ஆயுளோடு செய்யத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். 194 நானோமீட்டருக்கு ஏற்ற கண்ணாடிகளும் வடிகட்டிகளும் எளிதில் அமைவதில்லை.

இட்டர்பியம்-171 அயனியின் அதிர்வெண் சுமார் 12.642812 கிகாஹெர்ட்ஸ். அணுக்கருச் சுழற்சி அரை என்பதால் நிலைகள் மிக எளிமையானவை. 369.5 நானோமீட்டர் லேசர் நிலையைத் தயாரிக்கவும் படிக்கவும் உதவும். 739 நானோமீட்டர் ஒளியின் அதிர்வெண்ணை இரட்டித்தும் அதைப் பெறலாம். கிளர்ந்த அயனிகளில் சுமார் 200-இல் ஒன்று வேறொரு நிலையில் விழுந்து இருண்டுவிடும். அதை மீட்க 935 நானோமீட்டர் லேசர் வேண்டும். வாயு மோதல்களால் நீண்ட ஆயுள் கொண்ட இன்னொரு நிலையிலும் அயனிகள் சிக்கும். அங்கிருந்து தானாக இறங்குவதற்குக் காத்திருந்தால் ஆண்டே கடந்துவிடும் என்பதால் 638 அல்லது 760 நானோமீட்டர் ஒளி தேவைப்படும்.

மூன்றாவது பாதை ஒளியியல் கடிகாரம். கால்சியம்-40, ஸ்ட்ரான்சியம்-88 போன்ற ஒற்றை அயனிகள் இங்கே நாயகர்கள். அதைப் பின்னால் தனியாகப் பார்ப்போம்.

முதல் கருவி கட்டும் குழுவுக்கு என் பரிந்துரை இட்டர்பியம். ஆளில்லாமல் பத்தாண்டு ஓட வேண்டிய கருவி என்றால், விளக்குக் கலை கைவசம் இருக்கும் நிலையில், பாதரசம்.

படி 3: பொறியை வடிவமையுங்கள்

வொல்ஃப்காங் பால் கண்டுபிடித்த ரேடியோ அதிர்வெண் பொறிதான் அடிப்படை. 1989 நோபல் பரிசில் அவருக்கும் ஹான்ஸ் டெமெல்ட்டுக்கும் பங்கு கிடைத்தது. கடிகாரத்துக்கு வேண்டியது அதன் நீள்வடிவம்: நான்கு இணைத் தண்டுகள், இரு முனைகளிலும் நேர் மின்னழுத்தம். நீள்வடிவத்தில் மின்புலம் பூச்சியமாகும் இடம் ஒரு புள்ளியாக இல்லாமல் ஒரு கோடாக நீள்கிறது. அதனால் அயனிகளின் நுண்ணசைவை (ரேடியோ புலம் தரும் சிறு நடுக்கத்தை) கூட்டாமலே அதிக அயனிகளைப் பிடித்து வைக்கலாம். ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகம் 1989-இல் இதைக் கடிகாரத்துக்குக் கொண்டுவந்தது இந்தத் துறையின் திருப்புமுனை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மையத்திலிருந்து தண்டின் மேற்பரப்புக்கு 1 மில்லிமீட்டர், அதிர்வெண் 5 மெகாஹெர்ட்ஸ், எதிரெதிரான இரு தண்டுகளுக்கு 300 வோல்ட் வீச்சு, மற்ற இரண்டும் தரையோடு. அயனி பொறிக்குள் நிற்குமா என்று சொல்லும் மாத்தியூ சமன்பாட்டின் நிலைப்பு எண்ணைப் பெற, அயனி மின்னூட்டத்தையும் வீச்சையும் பெருக்கி இரட்டிப்பாக்கி, நிறை, தூரத்தின் வர்க்கம், கோண அதிர்வெண்ணின் வர்க்கம் ஆகியவற்றின் பெருக்கத்தால் வகுக்க வேண்டும். இட்டர்பியத்துக்கு 0.34 வருகிறது. 0.908-க்கு மேல் போனால் அயனி நிற்காது, 0.1 முதல் 0.4 வரை வசதியான பகுதி. அயனியின் மெதுவான ஊசல் சுமார் 0.6 மெகாஹெர்ட்ஸில் நடக்கும். பொறியின் ஆழம் 13 எலெக்ட்ரான்வோல்ட்டுக்கு அருகில். அறை வெப்பநிலையின் ஆற்றல் 0.026 எலெக்ட்ரான்வோல்ட் மட்டுமே என்பதால் இது தாராளம்.

தூரத்தை அரை மில்லிமீட்டராக்கினால் 75 வோல்ட்டே அதே நிலைப்பு எண்ணைத் தரும். மின்திறன் வீச்சின் வர்க்கத்தோடு போவதால் மின்தேக்கம் அப்படியே இருந்தால் பதினாறில் ஒரு பங்காகும். ஆழம் 3 எலெக்ட்ரான்வோல்ட்டாகக் குறைந்தாலும் போதும். சிறிதாக்கலின் கவர்ச்சி இதுதான். விலையும் உண்டு: அயனிக் கொத்தின் கொள்ளளவு சுருங்கும், சமிக்ஞை குறையும், தண்டில் படிந்த சிறு மின்னூட்டத் திட்டுகூடக் கொத்தை நகர்த்தும், தண்டில் பட்டுச் சிதறும் லேசர் ஒளி உணரியை நிரப்பும். கடைசியாகச் சொன்னதைப் பலரும் தாமதமாகவே கவனிக்கிறார்கள். பொறி வரையும்போதே ஒளிக்கற்றை உள்ளே வந்து வெளியேறும் பாதையையும் வரையுங்கள். கற்றை எந்த உலோகத்தையும் தொடாமல் வெளியே போய் ஓர் இருட்குழியில் முடிய வேண்டும்.

தண்டுக்கு டைட்டானியம், மாலிப்டினம் போன்ற காந்தத் தன்மையற்ற உலோகம். தாங்கிகளுக்கு அலுமினா, ஆனால் அயனிகளின் நேர்ப்பார்வையில் படாதவாறு. புற ஊதா ஒளி பட்ட காப்புப் பொருள் மின்னூட்டம் ஏறி, நாளுக்கு நாள் மாறும் புலத்தை உருவாக்கும்.

பன்னிரண்டு, பதினாறு தண்டுகள் கொண்ட பல்முனைப் பொறிகள் நுண்ணசைவை மேலும் குறைக்கின்றன. முதல் கருவியில் அவற்றைத் தவிர்க்கலாம்.

படி 4: வெற்றிடக் குழாயை மூடி முத்திரையிடுங்கள்

சிறு கடிகாரம் ஒன்று ஆண்டுகள் வாழுமா, மாதங்களில் சாகுமா என்பது இந்தப் படியில் தீர்மானமாகிறது. அயனிப் பம்பு வைக்க இடமில்லை. இருந்தாலும் அதன் காந்தம் நமக்கு எதிரி. எனவே குழாயை உயர் வெப்பத்தில் நன்றாகச் சுட்டு, உள்ளே கெட்டர் (எஞ்சிய வாயுவை உறிஞ்சும் பொருள்) வைத்துத் தூண்டி, செம்புக் குழலை நசுக்கி மூடிவிடுகிறோம். பிறகு கெட்டர் மட்டுமே வெற்றிடத்தைக் காக்கும்.

லேசரால் குளிர்விக்காத கடிகாரத்தில், அயனிகளின் வெப்பத்தைத் தணிக்கச் சிறிதளவு மந்த வாயு வேண்டும். கெட்டர் மந்த வாயுக்களை உறிஞ்சாது என்பது இங்கே நமக்குச் சாதகம். மூடும் முன் நிரப்பியது அப்படியே நிற்கும். ஹீலியத்தைவிட நியான் நல்லது. ஹீலியம் கண்ணாடி வழியே கசியும், வெளிக்காற்றிலும் பத்து லட்சத்தில் 5 பங்கு இருக்கிறது. கண்ணாடிச் சாளரம் உள்ள குழாய்க்குள் அது ஆண்டுக்கணக்கில் மெல்லப் புகுந்து, மோதல்களால் அதிர்வெண்ணைத் தள்ளிக்கொண்டே இருக்கும். நகர்வுக்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டாம். உலோகத்தோடு பற்றவைத்த சஃபையர் சாளரம் இந்தக் கசிவை வெகுவாகக் குறைக்கும்.

மீத்தேன் இன்னொரு தொல்லை. அறை வெப்பநிலையில் கெட்டர் அதைச் சரியாக உறிஞ்சாது. சுத்தமாகச் சுடாத உலோகத்திலிருந்து அது வந்துகொண்டே இருக்கும். சுடும் வேலையில் ஒரு வாரம் மிச்சப்படுத்துவது நல்ல பேரம் அல்ல. மூடும் முன் எச்ச வாயுப் பகுப்பாய்வு செய்து, நிறை எண் 16-இல் முகடு அடங்கிவிட்டதா என்று பாருங்கள்.

எவ்வளவு சிறிதாக்க முடியும் என்பதற்கு இரண்டு அளவுகோல்கள். சாண்டியா தேசிய ஆய்வகம் இட்டர்பியத்துக்காகச் சுமார் 3 கன சென்டிமீட்டர் வெற்றிடப் பொதியைச் செய்து காட்டியது. ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகம் பாதரசத்துக்காக 15 கன சென்டிமீட்டர் டைட்டானியக் குழாயில் 10⁻¹⁴ மட்டத்தில் நிலைப்பைக் காட்டியது. முதல் முயற்சியில் இவற்றைப் போல் பல மடங்கு பெரிய குழாயோடு தொடங்குவதில் வெட்கம் எதுவுமில்லை.

படி 5: அயனிகளை ஏற்றுங்கள், ஒளியைக் கட்டுப்படுத்துங்கள்

இயற்கை இட்டர்பியத்தில் ஏழில் ஒரு பங்குதான் 171. செறிவூட்டிய மாதிரி வாங்குவது நல்லது. இல்லையென்றால் பொறி வேண்டாத ஐசோடோப்புகளால் நிரம்பிவிடும். அவை ஒளிராமல் இடத்தை மட்டும் அடைக்கும். அயனியாக்க 399 நானோமீட்டர் லேசரையும் 369.5 நானோமீட்டர் லேசரையும் சேர்த்துப் பயன்படுத்தினால் ஐசோடோப்பைத் தேர்ந்தெடுத்து ஏற்றலாம். எலெக்ட்ரான் கற்றை எளிமையானது, ஆனால் காப்புப் பொருட்களில் மின்னூட்டத்தை விட்டுச்செல்லும்.

அதிர்வெண்ணைக் கேட்கும் நேரத்தில், அதாவது நுண்ணலையால் அயனியைச் சோதிக்கும்போது, லேசர் முழுவதும் அணைய வேண்டும். "கிட்டத்தட்ட" அணைந்தது போதாது. கசியும் ஒளி ஆற்றல் நிலைகளைத் தள்ளும், நிலைகளைக் கலைக்கவும் செய்யும். ஒளியை வேகமாக அணைக்கும் ஒலி-ஒளி பண்பேற்றி மட்டும் இதற்குப் போதுவதில்லை. ஒரு சிறு இயந்திர மூடி வழியை முழுமையாக அடைக்கட்டும். விளக்குக் கடிகாரத்தில் கேட்கும் நேரத்தில் விளக்கின் ஒளியைக் குறைப்பார்கள்.

ஒளியை எண்ண ஃபோட்டோமல்டிப்ளையர் போதும். உணரிக்கு முன் குறுகிய அலைநீள வடிகட்டி வையுங்கள். சமிக்ஞைக்கும் பின்னணி ஒளிக்கும் உள்ள விகிதத்தைத் தினமும் பதிவு செய்யுங்கள்.

புற ஊதாக் கதிர், உயர் மின்னழுத்தம், பாதரசம் மூன்றும் உடலுக்கு ஆபத்தானவை. கண்ணாடியும் கையுறையும் எப்போதும் அணிந்திருங்கள்.

படி 6: காந்தப் புலத்தை அடக்குங்கள்

கடிகார நிலைமாற்றம் காந்தப் புலத்துக்கு முதல் வரிசையில் அசையாது; இரண்டாம் வரிசையில் அசையும். ஆறுதல் தரும் இந்த வாக்கியம் ஏமாற்றவும் செய்யும். எண்ணைப் பார்க்கலாம். இட்டர்பியத்தில் விலகல், காஸ் அலகில் புலத்தின் வர்க்கத்தை 311 ஆல் பெருக்கினால் வரும் ஹெர்ட்ஸ். 5 மைக்ரோடெஸ்லா, அதாவது 0.05 காஸ் புலத்தில் அது 0.78 ஹெர்ட்ஸ், 6×10⁻¹¹ பங்கு. இவ்வளவு பெரிய விலகல் 10⁻¹⁵ அளவுக்குள் மாறாமல் நிற்க வேண்டுமானால், புலம் 0.04 நானோடெஸ்லாவுக்குள் நிலைக்க வேண்டும். பக்கத்தில் மின்தூக்கி நகர்ந்தால் புலம் 1 மைக்ரோடெஸ்லா மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், கவசம் அதை 25,000 மடங்கு குறைக்க வேண்டும்.

ஒற்றை அடுக்கு ம்யூ-மெட்டல் (காந்தக் கவசத்துக்கான உலோகக் கலவை) இதைத் தராது. மூன்று அடுக்கு வேண்டும், அடுக்குகளுக்கு இடையே இடைவெளியும் வேண்டும். சிறு கருவியின் கன அளவில் பெரும்பங்கை இந்தக் கவசம்தான் விழுங்குகிறது. எனவே புலத்தையே குறைப்பது மலிவான வழி: புலத்தைப் பாதியாக்கினால் உணர்திறனும் பாதியாகும். ஆனால் மிகவும் குறைத்தால் பக்கத்து நிலைமாற்றங்கள் நெருங்கி வரும். 5 மைக்ரோடெஸ்லாவில் அவை 70 கிலோஹெர்ட்ஸ் தள்ளி நிற்கின்றன. அதை ஐந்தில் ஒன்றாகச் சுருக்கினாலும் சமாளிக்கலாம்.

பக்கத்து நிலைமாற்றங்கள் புலத்துக்கு நேரடியாக அசைபவை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை அவற்றின் அதிர்வெண்ணைக் கேட்டால், அயனியே உங்கள் காந்தமானி. சுருள் மின்னோட்டத்தை அதைக் கொண்டு திருத்தலாம். கவசத்தைத் தடிமனாக்குவதற்கு முன் இந்த மென்பொருள் வழியை முயலுங்கள்.

இங்கே பாதரசத்துக்கு ஒரு வெகுமதி உண்டு. அதன் குணகம் சுமார் 97, அதிர்வெண்ணோ மூன்று மடங்குக்கு மேல். பங்கு அளவில் பார்த்தால் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு உணர்திறன்தான்.

படி 7: அலையாக்கியும் திருத்தும் சுற்றும்

நார்மன் ராம்சே காட்டிய இரட்டைத் துடிப்பு முறையே இங்கும் சிறந்தது: ஒரு குறுகிய நுண்ணலைத் துடிப்பு, காத்திருப்பு, மீண்டும் ஒரு துடிப்பு. காத்திருப்பு 2 நொடி என்றால் வரி அகலம் (அயனிகள் பதில் தரும் அதிர்வெண் பட்டையின் அகலம்) கால் ஹெர்ட்ஸ். 12.64 கிகாஹெர்ட்ஸை அதனால் வகுத்தால் வரித்தரம் 5×10¹⁰. சமிக்ஞை-இரைச்சல் விகிதம் 20, ஒரு சுற்றுக்கு 3 நொடி என்று எடுத்துக்கொண்டால், 1 நொடியில் நிலைப்பு சுமார் 5.5×10⁻¹³ வரும். சராசரிக் காலத்தின் வர்க்கமூலத்தால் அது குறைந்து, ஒரு நாளில் 2×10⁻¹⁵-ஐத் தொடும். வியக்கத்தக்க கருவிகள் எதுவும் இல்லாமல், இரைச்சல் மட்டுமே எல்லையாக இருந்தால், இந்த எண் கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால் சுற்றுப்புறம் உள்ளே புகுந்திருக்கிறது.

காத்திருக்கும் நேரத்தில் குவார்ட்ஸ் வரியின் பாதி அகலத்துக்கு மேல் விலகினால், கடிகாரம் பக்கத்தில் உள்ள தவறான வரியைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக ஓடும். வெளியிலிருந்து பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. இதைத் தடுக்கத் தொடக்க வரிசையை இப்படி அமையுங்கள்: முதலில் ஒற்றைத் துடிப்பால் அகன்ற வரியைத் தேடுங்கள், அதைப் பிடித்த பின் 0.1 நொடி காத்திருப்பு, பிறகு 0.5, கடைசியாக 2. ஓடும்போதும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை குறுகிய காத்திருப்புக்குத் திரும்பி, மைய வரியில்தான் இருக்கிறோமா என்று சரிபார்க்கட்டும்.

திருத்தம் எளிது. வரியின் இடச்சரிவிலும் வலச்சரிவிலும் மாறி மாறிக் கேட்டு, வேறுபாட்டைத் தொகுத்து அலையாக்கிக்கு அனுப்ப வேண்டும். குவார்ட்ஸ் சீராக நகர்வதால், வேறுபாட்டைக் கூட்டிச் சேர்க்கும் இரண்டாவது தொகுப்பி ஒன்றும் வேண்டும்; இல்லாவிட்டால் நிலையான ஒரு பின்னடைவு எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

கேட்காத நேரத்தில் குவார்ட்ஸ் செய்யும் சேட்டை அளவீட்டுக்குள் மடிந்து வந்து நிற்கும். இதற்கு டிக் விளைவு என்று பெயர். நல்ல குவார்ட்ஸ், குறைந்த வெற்று நேரம் இரண்டுமே மருந்து. 1 நொடியில் 10⁻¹³ அளவு நிலைப்புள்ள, வெப்ப அடுப்புக்குள் இருக்கும் குவார்ட்ஸை வாங்குங்கள். லேசருக்கு ஒதுக்கும் பணத்தில் கொஞ்சம் எடுத்து இதற்குத் தரலாம்.

காத்திருப்பின்போது நுண்ணலை கசியக் கூடாது. அணைத்தும் கசியும் நுண்ணலை துடிப்போடு ஒத்திசைவாகவே இருப்பதால் அது நிலையான விலகலை உண்டாக்கும். பிறகு வெப்பநிலையோடு மாறும். ஆளியை அணைப்பதோடு நுண்ணலையின் அதிர்வெண்ணையும் வரியிலிருந்து விலக்கி வையுங்கள்.

படி 8: அயனியின் வெப்பமும் எண்ணிக்கையும்

நகரும் அயனிக்கு நேரம் மெதுவாக ஓடும்: சார்பியல் தரும் இரண்டாம் வரிசை டாப்ளர் விலகல். அறை வெப்பநிலையில் பாதரச அயனிக்கு அது சுமார் 2×10⁻¹³. வெப்பநிலை 1 கெல்வின் மாறினால் 7×10⁻¹⁶ மாறும். இது வெப்ப அசைவுக்கு மட்டும். பொறியின் ரேடியோ புலம் தரும் நுண்ணசைவு இதற்கு மேல் சேர்கிறது. அயனிகள் ஒன்றையொன்று தள்ளி வெளியே விரிவதால், எண்ணிக்கை கூடக் கூட அந்தப் பங்கும் கூடும். எனவே அயனிகள் மெல்லத் தப்பிப் போவதே கடிகாரத்தின் நகர்வாக வெளிப்படும்.

இதற்குத் தீர்வு அயனி எண்ணிக்கையைத் திருத்தும் சுற்றுக்குள் கொண்டுவருவது. ஒளியின் அளவைக் கண்காணித்து, குறைந்தால் சிறிது ஏற்றுங்கள். அல்லது எண்ணிக்கையை ஒருமுறை மாற்றி, விலகல் சரிவை அளந்து, கணக்கில் கழியுங்கள். ரேடியோ மின்னழுத்தத்தின் வீச்சையும் நிலைப்படுத்த வேண்டும். வீச்சு மாறினால் கொத்தின் வடிவமே மாறும்.

லேசர் குளிர்விப்பு இந்த வெப்ப விலகலை ஏறத்தாழ இல்லாமலாக்கும். 369.5 நானோமீட்டர் நிலைமாற்றத்தில் டாப்ளர் எல்லை (இந்தக் குளிர்விப்பு எட்டக்கூடிய குறைந்த வெப்பநிலை) அரை மில்லிகெல்வினுக்கு அருகில். ஆனால் கேட்கும் நேரத்தில் லேசர் அணைந்திருக்கும். அப்போது அயனிகள் மீண்டும் சூடேறும். சிறு கருவியில் இந்தச் சிக்கலை வாங்கிக்கொள்வதைவிட, நியானும் அறை வெப்பநிலையும் தரும் பெரிய ஆனால் அசையாத விலகலே மேல் என்பது என் கருத்து.

ஒளியியல் பாதை: எப்போது, எவ்வளவு

அதிர்வெண்ணை 10¹⁰-இலிருந்து 4×10¹⁴-க்கு உயர்த்தினால் ஒற்றை அயனியே போதும். கால்சியத்தின் 729 நானோமீட்டர் வரியில் 0.1 நொடி கேட்டால், குவாண்டம் எல்லை 1 நொடிக்கு சுமார் 1.2×10⁻¹⁵. நுண்ணலைக் கடிகாரம் ஒரு நாளில் அடைவதை இது நொடிகளில் அடைகிறது.

அதற்கான லேசர் கூட்டத்தை எண்ணிப் பாருங்கள் (எண்கள் நானோமீட்டரில்). குளிர்விக்க 397, மீட்க 866, நிலையைத் துடைக்க 854, கடிகாரத்துக்கு 729, அயனியாக்க மேலும் இரண்டு. 729 லேசரை அடக்கி வைக்க, வெற்றிடத்தில் வைத்த வெப்பத்தில் மிகக் குறைவாக விரியும் கண்ணாடியாலான ஒத்ததிர்வி. ஒளியின் அதிர்வெண்ணை எண்ணத்தக்க நுண்ணலையாக்க, ஹால், ஹான்ஷ் ஆகியோருக்கு 2005 நோபலைப் பெற்றுத் தந்த அதிர்வெண் சீப்பு. ஜெர்மனியின் ஆப்டிக்ளாக் திட்டம் இட்டர்பியத்தின் 435.5 நானோமீட்டர் வரியைக் கொண்டு இத்தனையையும் இரண்டு கருவி அடுக்குகளில் அடைத்தது. சிறிது என்பதன் இன்றைய பொருள் இந்தத் துறையில் அதுதான்.

கண்ணாடித் தாங்கிகளை ஒழித்து, பொறிச் சில்லுக்குள்ளேயே ஒளிவழிகளை அமைப்பதுதான் அடுத்த தாவல். 2020-இல் எம்ஐடி லிங்கன் ஆய்வகக் குழு, ஸ்ட்ரான்சியம் அயனிக்கு வேண்டிய எல்லா அலைநீளங்களையும் சில்லு வழியாகவே கொண்டுசேர்த்துக் காட்டியது.

இந்தப் பாதையில் இறங்குவோருக்கு ஒரு நல்ல தந்திரம். கால்சியத்திலும் ஸ்ட்ரான்சியத்திலும் நுண்ணசைவு தரும் டாப்ளர் விலகலும் மின்புல விலகலும் எதிரெதிர்க் குறி கொண்டவை. பொறியைக் கால்சியத்துக்கு 24.8 மெகாஹெர்ட்ஸிலும், ஸ்ட்ரான்சியத்துக்கு 14.4 மெகாஹெர்ட்ஸிலும் ஓட்டினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பொறியின் மின்சுற்றை வரையும் முன்பே இந்த எண்ணை முடிவு செய்தாக வேண்டும்.

படி 9: சோதனை

முதலில் உணர்திறன்களை அளங்கள், பிறகு நிலைப்பை. இந்த வரிசை முக்கியம். கருவியை வெப்ப அறையில் வைத்து 10 கெல்வின் ஏற்றி இறக்குங்கள். வெளியே சுருள் வைத்துக் காந்தப் புலத்தை மாற்றுங்கள். ரேடியோ வீச்சு, ஒளித்திறன், நுண்ணலைத் திறன், அயனி எண்ணிக்கை ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே பெரிதாக மாற்றி, அதிர்வெண் எவ்வளவு நகர்கிறது என்று குறியுங்கள். ஒவ்வொரு உணர்திறனையும் சாதாரணமாக எதிர்பார்க்கும் ஏற்றத்தாழ்வால் பெருக்கினால், எந்த எதிரி முதலில் என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் அது குழு நினைத்ததாக இருக்காது.

பிறகு ஹைட்ரஜன் மேசரோடு (ஒப்பீட்டுக்கான மிக நிலையான கடிகாரம்) அலைக் கட்டத்தை ஒப்பிட்டு, ஆலன் விலகலை (சராசரிக் காலத்தோடு நிலைப்பு எப்படி மாறுகிறது என்று காட்டும் அளவு) வரையுங்கள். மடக்கை அளவுகோலில் கோடு அரைச் சரிவில் இறங்க வேண்டும். சில நூறு நொடிகளில் ஒரு புடைப்பு தெரிந்தால் குளிரூட்டியின் சுழற்சியைச் சந்தேகியுங்கள். சீரான அலைவு ஒன்று, தன் சுழற்சிக் காலத்தின் பாதிக்குச் சற்று முன்பே ஆலன் வரைபடத்தில் முகடாகத் தோன்றும். அரை நாளுக்கு அருகே புடைப்பு என்றால் பகல்-இரவு வெப்பம்.

மேசர் கிடைக்காதவர்கள் ஒரே மாதிரி இரண்டு கடிகாரங்களைக் கட்டி ஒன்றோடொன்று ஒப்பிட்டு, விடையை √2-ஆல் வகுக்கிறார்கள். இரைச்சலுக்கு இது சரி. ஒரே அறையில் இரண்டும் சேர்ந்தே சூடேறினால், வேறுபாட்டில் எதுவும் தெரியாது. அழகான வரைபடமும் பொய்யான முடிவும் கிடைக்கும். ஒன்றை வேறு அறைக்கு மாற்றுங்கள், அல்லது இரண்டின் வெப்பநிலையையும் வேண்டுமென்றே வேறுபடுத்துங்கள்.

ஒரு நாள் சராசரிக்கான நிலைப்பை நம்பிச் சொல்ல, குறைந்தது பத்துப் பதினைந்து நாள் தடையின்றி ஓட்ட வேண்டும். நகர்வுக்கு ஒன்றிரண்டு மாதம். அந்த நாட்களில் அதிர்வெண்ணோடு குழாயின் வெப்பநிலை, புலம், அயனி ஒளி, பின்னணி ஒளி, ரேடியோ வீச்சு எல்லாமே ஒரே நேரக் குறியோடு பதிவாகட்டும். மூன்றாம் வாரத்தில் அதிர்வெண் ஒரு படி தாண்டினால், அதே நிமிடத்தில் வேறெது தாண்டியது என்று தேட அந்தப் பதிவு ஒன்றுதான் வழி.